கூட இருந்தவன் போன பிறகு: வீட்டில் மிச்சமிருக்கும் செல்லத்துக்கு என்ன செய்யலாம்?

(ஒலிப்பதிவைச் சற்றுச் சுருக்கி, திருத்தி எழுத்து வடிவில் தருகிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் கொஞ்சம் கனமான விஷயம். வண்டி ஓட்டிக்கிட்டே கேக்குறவங்க வீட்டுக்குப் போய் நிதானமா கேட்டாலும் சரிதான், எபிசோட் எங்கேயும் ஓடிப்போகாது.

ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. சென்னையில ஒரு அப்பார்ட்மென்ட், மூணாவது மாடி. வீட்டுல ரெண்டு நாய். பெரியவன் லேப்ரடார், 13 வயசு. சின்னவ நாட்டு நாய், தெருவுல இருந்து குட்டியா தூக்கிட்டு வந்தது, இப்ப 6 வயசு. பெரியவனுக்குக் கிட்னி போயிடுச்சு. ட்ரிப்ஸ் ஏத்தி ஏத்திப் பார்த்தாச்சு. இனிமே கஷ்டப்படுத்த வேண்டாம், சனிக்கிழமை ஊசி போட்டுடலாம்னு டாக்டர் சொல்லிட்டார். அவங்க கேட்டது இதுதான்: "அவனைப் பத்தி அழுது முடிச்சு ஒரு முடிவுக்கு வந்துட்டோம். ஆனா இவளை என்ன பண்றது? இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து அவன் இல்லாம ஒரு ராத்திரிகூட இவ இருந்ததில்ல."

கருணைக்கொலை சரியா, எப்ப சரி, இதெல்லாம் தனி எபிசோடுக்கான விஷயம். இன்னைக்கு அந்த முடிவை எடுத்துட்ட வீட்டுல மிச்சம் இருக்கிற பிராணியைப் பத்தி மட்டும் பேசுவோம். நான் டாக்டர் இல்ல. படிச்சதையும், நாய் பூனை வளர்க்கிறவங்ககிட்ட கேட்டதையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அதுங்களுக்குத் தெரியுமா?

முதல் கேள்வி இது. "அதுக்கென்ன தெரியும், ரெண்டு நாள்ல மறந்துடும்"னு சொல்ற மாமா எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருப்பார்.

2016-ல 'அனிமல்ஸ்'ங்கிற ஆய்விதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. கூட இருந்த பிராணியை இழந்த 159 நாய், 152 பூனை. அதுங்களை வளர்க்கிறவங்ககிட்ட என்ன மாற்றம் பார்த்தீங்கன்னு கேட்டாங்க. நாய்கள்ல 74 சதவீதம், பூனைகள்ல 78 சதவீதம் மனுஷங்ககிட்ட ஒட்டுற விதம் மாறியிருந்துச்சு. பின்னாலயே சுத்துறது, கவனிக்கச் சொல்லி நச்சரிக்கிறது. போனவன் வழக்கமா படுக்கிற இடத்தைத் தேடிப் போறதும் ரொம்ப வீடுகள்ல நடந்திருக்கு. நாய்கள்ல மூணுல ஒண்ணு சாப்பாட்டைக் குறைச்சிருக்கு. பூனைகள்ல 43 சதவீதம் வழக்கத்தைவிட அதிகமா கத்தியிருக்கு. பாதிக்கு மேல ஆறு மாசத்துக்குள்ள இந்த மாற்றங்கள் போயிடுச்சு.

2022-ல இத்தாலியில இருந்து இன்னொரு ஆய்வு, 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழ்ல. 426 பேர்கிட்ட கேட்டது, நாய்களைப் பத்தி மட்டும். 86 சதவீதம் பேர் ஏதோ ஒரு மாற்றத்தைப் பார்த்திருக்காங்க. 57 சதவீதம் நாய்கள் விளையாடுறதைக் குறைச்சிருக்கு, 35 சதவீதம் அதிகமா பயப்பட ஆரம்பிச்சிருக்கு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ரெண்டு நாயும் எத்தனை வருஷம் ஒண்ணா இருந்துச்சுங்கிறது பெருசா கணக்குல வரல. எப்படிப் பழகிச்சுங்கிறதுதான் கணக்கு.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு. இதெல்லாம் வளர்க்கிறவங்க சொன்னதை வச்சு எழுதினது. நாம சோகமா இருக்கும்போது நம்ம கண்ணுக்கு எல்லாமே சோகமாத்தான் தெரியும். நாய் சும்மா படுத்திருந்தாலும் "பாரு, எப்படி ஏங்குறா"ன்னு தோணும். இந்தச் சந்தேகத்தை ஆராய்ச்சி பண்றவங்களே எழுப்புறாங்க. அது ஏன் நமக்கு முக்கியம்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

சாவுன்னா என்னன்னு நம்மள மாதிரி அதுங்களுக்குப் புரியுதான்னு சொல்றது கஷ்டம். ஆனா அதுங்களோட ஒரு நாள் எப்படி ஓடுதுன்னு கவனிச்சா ஒரு விஷயம் தெரியும். ரெண்டு நாய் இருக்கிற வீட்டைப் பாருங்க. காலையில பால் பாக்கெட் போடுற சத்தம் கேட்டா பெரியவன் தலையைத் தூக்குவான். அவன் குரைச்சாத்தான் சின்னவ குரைப்பா. லிஃப்ட்ல அவன் ஏறினா இவளும் ஏறுவா. புதுசா ஒரு ஆள் வந்தா, முதல்ல அவன் முகத்தைப் பார்ப்பா. அவன் வாலாட்டினா இவளும் ஆட்டுவா. தெரு நாய் கூட்டம் எதிர்ல வந்தா அவனுக்குப் பின்னால ஒதுங்கிக்குவா. ஒரு நாளைக்கு இப்படி நூறு சின்னச் சின்ன விஷயங்களை அவனைப் பார்த்துத்தான் அவ முடிவு பண்ணிக்கிட்டிருந்தா.

அவன் போன மறுநாள் அந்த நூறையும் அவளே தனியா முடிவு பண்ணணும். நேத்து வரைக்கும் ஜாலியா ஏறின லிஃப்ட் முன்னாடி இன்னைக்கு நின்னுடுறான்னா அடம் பிடிக்கிறான்னு அர்த்தம் இல்ல. யாரைப் பார்த்து ஏறுறதுன்னு தெரியல. இந்த எபிசோட்ல நான் சொல்ல வர்றதெல்லாம் இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது: அவளோட நாள் அறுந்துபோகாம பார்த்துக்கணும்.

ஊசி போடுற நாளுக்கு முன்னாடி

கருணைக்கொலையில ஒரே ஒரு வசதி, தேதி முன்கூட்டியே தெரியும். நாலு நாள் இருந்தா நாலு நாள், ஒரு வாரம் இருந்தா ஒரு வாரம். அந்த நேரத்தைப் பயன்படுத்திக்குங்க.

முதல் வேலை, மிச்சம் இருக்கப் போறவளைத் தனியா வாக்கிங் கூட்டிட்டுப் போங்க. அஞ்சு நிமிஷம் போதும். கீழே போய் ஒரு சுத்து, திரும்பி வந்துடலாம். பெரியவனை விட்டுட்டுப் போறோமேன்னு மனசு உறுத்தும். ஆனா அவனுக்கு இந்த நேரத்துல படுத்திருக்கிறதுதான் சுகம். வாழ்க்கையில முதல் தடவையா தனியா வெளிய போற நாளும், அவன் இல்லாத முதல் நாளும் ஒரே நாளா இருக்கக் கூடாது. அதுக்குத்தான் இது. அதே மாதிரி ரெண்டு பேரும் ஒரே இடத்துல சாப்பிடுறவங்கன்னா, அவளோட தட்டை மெல்ல மெல்லத் தள்ளி வைங்க.

ரெண்டாவது, பெரியவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகும்போது சின்னவளையும் ஒரு தடவை காட்டிடுங்க. ரத்தப் பரிசோதனை ஒண்ணு பண்ணி வச்சுக்குங்க. பின்னாடி அவ சாப்பிடாம படுத்தா, துக்கமா நோயான்னு பிரிச்சுப் பார்க்க இது உதவும்.

அந்த நாள்

டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்றதா, கிளினிக் போறதா? உங்க டாக்டர் வீட்டுக்கு வர ஒத்துக்கிட்டா அது நல்லது. போறவனுக்கும் பயம் கம்மி, இருக்கிறவளுக்கும் என்ன நடந்துச்சுன்னு மோந்து பார்க்க ஒரு வாய்ப்பு.

ஆனா ஊசி போடுற நேரத்துல அவளைப் பக்கத்து ரூம்ல வைங்க. அவளுக்குப் பழக்கமான ஒரு ஆள் கூட இருக்கணும். காரணம் இருக்கு. பொதுவா முதல்ல மயக்க ஊசி போடுவாங்க. அப்புறம் மயக்க மருந்தையே ரொம்ப அதிக அளவுல நரம்பு வழியா ஏத்துவாங்க. சில நிமிஷத்துல மூச்சும் இதயமும் நின்னுடும். அதுக்கப்புறமும் ஒண்ணு ரெண்டு தடவை மூச்சு இழுக்கிற மாதிரி உடம்பு அசையலாம், சதை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். கண்ணு மூடாது. அது வலி இல்ல, உடம்போட இயல்புதான். உங்களுக்கே அதைப் பார்க்கத் தெம்பு வேணும். அந்த நேரத்துல இன்னொரு நாய் குரைச்சா, மேல பாய்ஞ்சா, டாக்டர் கை நழுவும், எல்லாருக்கும் பதட்டம்.

முடிஞ்சதும், உடம்பைத் துடைச்சு ஒரு பழைய போர்வையில படுக்க வச்சுட்டு, கதவைத் திறந்து விடுங்க. கயிறு வேண்டாம். இழுத்துட்டுப் போய்க் காட்ட வேண்டாம். அவளா வந்தா வரட்டும். சில நாய் சுத்திச் சுத்தி மோந்து பார்க்கும். சில நாய் பக்கத்துலயே படுத்துக்கும். சிலது பத்து செகண்ட் மோந்துட்டு தண்ணி குடிக்கப் போயிடும். "இவ்வளவுதானா உன் பாசம்"னு கோபப்படாதீங்க. மோந்து பார்த்த பத்து செகண்ட்ல அவளுக்கு வேண்டிய சேதி கிடைச்சிருக்கும்.

உடம்பைக் காட்டியே ஆகணுமா? இல்ல. காட்டினா ஏக்கம் குறையும்னு ஆராய்ச்சி எதுவும் உறுதியாச் சொல்லல. வாசல்லயே உக்காந்து தேடுறது குறைஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு சிலர் சொல்றாங்க, அவ்வளவுதான். கிளினிக்ல நடந்துச்சு, காட்ட முடியலன்னா நீங்க பெருசா எதையும் பறிச்சுடல. அவன் மேல போட்டிருந்த துணியைத் துவைக்காம வீட்டுக்கு எடுத்துட்டு வந்து தரையில போடுங்க, போதும்.

காட்டவே கூடாத சந்தர்ப்பம் ஒண்ணு இருக்கு. தொத்து நோய். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல், ரேபிஸ் சந்தேகம்னா பக்கத்துலயே விடாதீங்க. துணி, தட்டு, படுக்கையை என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்க.

ஊர்ல தோட்டத்துல புதைக்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மருந்து உடம்புலயே ரொம்ப நாள் இருக்கும். வேற நாயோ காக்காவோ தோண்டித் தின்னா அதுவும் விஷமாகும். ஆழமாக் குழி வெட்டுங்க, மேல கல்லு வைங்க.

முதல் ரெண்டு வாரம்

மறுநாள் காலை. நீங்க ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டீங்க. ஆனா ஆறு மணி வாக்கிங்னா ஆறு மணிக்குப் போங்க. எட்டு மணிக்குச் சாப்பாடுன்னா எட்டு மணிக்கு வைங்க. அதே வழி, அதே மரம். ரெண்டு கயிறு பிடிச்ச கையில ஒண்ணுதான் இருக்கும். அது உங்களுக்குக் கஷ்டம்தான், ஆனா அவளுக்கு அந்த வாக்கிங்தான் மருந்து. நீங்க அழுறதைப் பார்த்தா அவளுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு நடிக்க வேண்டாம். அழுதுக்கிட்டே நடங்க. இத்தாலி ஆய்வுல வளர்க்கிறவங்களோட துக்கத்துக்கும் நாயோட பயத்துக்கும் தொடர்பு இருக்குன்னு பார்த்திருக்காங்க. அதனால அழக் கூடாதுன்னு ஆகிடாது. அவ கேட்டுப் பழகின சத்தமும் நேரமும் மாறாம இருந்தா போதும்.

லிஃப்ட், வாசல் மணி, தெரு நாய், இங்கெல்லாம் தயங்குவா. இழுக்காதீங்க. நீங்க முன்னாடி போய் நில்லுங்க, கூப்பிடுங்க, வந்தா ஒரு துண்டு பிஸ்கட். முன்னாடி அவன் செஞ்ச வேலையை இனி நீங்க செய்யறீங்க. தீபாவளி பக்கத்துல இருந்தா இதை இன்னும் யோசிச்சு வைங்க. போன வருஷம் வெடிச் சத்தத்துக்கு அவன் முதுகோட ஒட்டிப் படுத்திருந்தவளுக்கு, இது தனியா வர்ற முதல் தீபாவளி.

அவனோட படுக்கை. அன்னைக்கே எல்லாத்தையும் துவைச்சு, மடிச்சு, யாருக்காவது கொடுத்துடணும்னு வீட்டுல பெரியவங்க சொல்லுவாங்க. தொத்து நோய் இல்லன்னா கொஞ்ச நாள் விடுங்க. அவ போய் அதுல படுத்தா படுக்கட்டும். அதைப் பார்த்தாலே முனகுறா, சுத்திச் சுத்தி வர்றான்னா மட்டும் எடுத்துடலாம்.

சாப்பாடு. இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. அவ முகத்தைத் திருப்பினதும் சிக்கன், அதையும் தொடலன்னா பிரியாணி, அதையும் தொடலன்னா கையால ஊட்டுறது. ஒரு வாரத்துல அவளுக்குப் பசி வந்துடும், ஆனா பழைய சாப்பாடு மட்டும் வேண்டாம்னு ஆயிடும். வழக்கமான சாப்பாட்டையே லேசா சூடு பண்ணி வைங்க. இருபது நிமிஷம். தொடலன்னா எடுத்துடுங்க, அடுத்த வேளைக்கு மறுபடி வைங்க. முழுசா ரெண்டு நாள் எதுவுமே சாப்பிடலன்னா டாக்டர். வாந்தி, வயித்துப்போக்கு இருந்தாலோ, குட்டியா இருந்தாலோ, சர்க்கரை நோய்க்கு ஊசி போடுறவளா இருந்தாலோ ரெண்டு நாள் காத்திருக்காதீங்க, அன்னைக்கே.

இப்ப அந்த எச்சரிக்கைக்கு வர்றேன். "பாவம், துக்கத்துல படுத்திருக்கா"ன்னு நாமளே தீர்ப்பு எழுதிடுறதுதான் பெரிய ஆபத்து. நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம். அதோட அறிகுறி என்ன? சாப்பிடாது, சோர்ந்து படுக்கும், விளையாடாது. துக்கத்துக்கும் அச்சு அசல் அதேதான். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல, ஒரே உண்ணியோட இருந்தவங்க. காய்ச்சல் அடிக்குதா, ஈறு வெளுத்திருக்கான்னு பாருங்க. வயசான நாயா இருந்தா மூட்டு வலியாவும் இருக்கலாம். இத்தனை நாள் கூட ஒருத்தன் எழுந்து போனதால அவனைப் பார்த்து எழுந்து நடந்திருக்கும். துக்கம்னு சொல்றதுக்கு முன்னாடி நோய் இல்லன்னு உறுதி பண்ணிக்குங்க.

இன்னொண்ணு. சில வீட்டுல தலைகீழா நடக்கும். மிச்சம் இருக்கிறது சந்தோஷமாயிடும். முன்ன சோபா பக்கமே வராத பூனை இப்ப நடு சோபாவுல படுக்கும். பெரியவன் உறுமலுக்குப் பயந்து மூலையில சாப்பிட்டது இப்ப ஹால்ல வந்து சாப்பிடும். நமக்குக் கோபம் வரும், துரோகம் மாதிரி தோணும். அப்படி இல்ல. அதுக்கு இப்பத்தான் வீட்டுல இடம் கிடைச்சிருக்கு. அதோட நிம்மதியைக் கெடுக்காதீங்க.

பூனை, முயல் கணக்கு வேற

பூனை வளர்க்கிறவங்க இதைக் குறிச்சுக்குங்க. நாய்க்குச் சொன்ன ரெண்டு நாள் கணக்கு பூனைக்குச் செல்லாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலன்னா டாக்டருக்குப் போன் போடுங்க. பட்டினி கிடக்கிற பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, சில நாள்ல கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். துக்கத்துல ஆரம்பிச்ச பட்டினி தனி நோயா மாறிடும்.

பூனைக்கு வாசனைதான் எல்லாம். கிளினிக்ல இருந்து வந்து அந்தச் சட்டையோட அதைத் தூக்காதீங்க, சீறலாம். குளிச்சுட்டு வாங்க. மூணு பூனை இருந்த வீட்டுல ஒண்ணு போயிட்டா, மிச்சம் ரெண்டும் ஜன்னல் யாருக்கு, பீரோ மேல யாருக்குன்னு புதுசா பாகப்பிரிவினை பண்ணும். இத்தனை நாள் ஒத்துமையா இருந்ததுங்க சண்டை போடலாம். தட்டு, மண் தொட்டி எதையும் குறைக்காதீங்க. ராத்திரி கத்திக்கிட்டே வீடு சுத்தினா திட்டாம, தூங்கப் போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் விளையாட்டுக் காட்டிட்டு சாப்பாடு போடுங்க.

ஜோடியா முயல் வச்சிருக்கிறவங்க இன்னும் உஷாரா இருங்க. முயல் அரை நாள் சாப்பிடாம இருந்தாலே குடல் ஓட்டம் நின்னு அவசர நிலைமையாயிடும்.

"இன்னொரு குட்டி வாங்கிடலாமா?"

மூணாவது நாளே இந்தப் பேச்சு வரும். சில சமயம் கேக்கக்கூட மாட்டாங்க, மாமா நேரா ஒரு குட்டியைக் கூடையில வச்சுத் தூக்கிட்டு வந்துடுவார். நல்ல மனசுதான். ஆனா நாள் ஓட்டமே குலைஞ்சு கிடக்கிற வீட்டுல, எல்லாத்தையும் கடிக்கிற ஒரு குட்டியைக் கொண்டுவந்து விட்டா, அவளுக்கு ஆறுதல் கிடைக்காது, இன்னொரு தொல்லைதான். அவ சாப்பிடணும், தூங்கணும், தானா ஒரு பொம்மையைத் தூக்கிட்டு வந்து விளையாடக் கூப்பிடணும். அப்புறம் யோசிங்க. சிலருக்கு ரெண்டு மாசம், சிலருக்கு ஆறு மாசம். சில நாய் தனியா ராஜா மாதிரி இருக்கிறதையே விரும்பும், அதுவும் சரி.

பெரியவன் பார்வோல போயிருந்தா இன்னும் கவனம். அந்த வைரஸ் தரையிலயும் மண்ணுலயும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். தடுப்பூசி முழுசா போடாத குட்டியை அந்த வீட்டுக்குள்ள விடவே கூடாது.

ரெண்டு மூணு மாசம் ஆகியும் பயம் குறையல, வீட்டுல ஒருத்தரும் இல்லன்னா கதவைப் பிறாண்டுறா, தன்னையே நக்கிப் புண்ணாக்கிக்கிறான்னா, அது காத்திருந்து சரியாகிற கட்டம் தாண்டியாச்சு. டாக்டர்கிட்ட பேசுங்க. நாய்களோட நடத்தையைப் பார்க்கிற நிபுணர்கள் இருக்காங்க, தேவைப்பட்டா மருந்தும் இருக்கு.

கடைசியா ஒண்ணு. இதைக் கேக்குற நிறைய பேர் வீட்டுல இன்னும் இந்த நிலைமை வந்திருக்காது. ஆனா வயசான ஒண்ணும் இளசா ஒண்ணும் இருந்தா, தேதி குறிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னைக்குச் சாயங்காலமே இளசை மட்டும் கீழே கூட்டிட்டுப் போய் ஒரு சுத்து வாங்க. பெரியவருக்கு வீட்டுல தனியா கொஞ்ச நேரம் வயித்தைத் தடவிவிட ஒரு ஆள் வைங்க. ரெண்டு பேருக்கும் நல்லது.

உங்க வீட்டுல என்ன நடந்துச்சு, எது உதவுச்சுன்னு வாய்ஸ் நோட்ல சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம். உடம்பைப் பார்த்துக்குங்க, உங்களுதையும் அதுங்களுதையும்.